திஜோனில் மூன்று நாள்: கிழமை பார்த்து, மணி பார்த்து

திஜோனுக்குப் போவது என்று முடிவானதும் பலரும் செய்கிற முதல் வேலை, பார்க்க வேண்டிய இடங்களைப் பட்டியல் போடுவது. அதைக் கொஞ்சம் தள்ளி வைத்துவிட்டுக் காலண்டரை எடுங்கள். பிரான்சின் பர்கண்டிப் பகுதிக்குத் தலைநகரான இந்த ஊர் கிழமைக்கும் கடிகாரத்துக்கும் கட்டுப்பட்டது. சந்தை கூடாத நாளில் சந்தைக்கும், அடுப்பு அணைந்த நேரத்தில் உணவகத்துக்கும் போய் நின்றால், அழகான கட்டடங்கள் உள்ள இன்னொரு பழைய ஊர் என்ற நினைப்போடு திரும்பிவிடுவீர்கள்.

முதலில் கிழமை

ஊரின் நடுவே உள்ள 'லே ஆல்' என்ற மூடு சந்தை செவ்வாய், வியாழன், வெள்ளி, சனி ஆகிய நாள்களில் காலையில் மட்டும் நடக்கும். பர்கண்டிப் பிரபுக்களின் அரண்மனைக்குள் இருக்கும் அருங்காட்சியகத்துக்குச் செவ்வாய் விடுமுறை. திங்களன்று பாதிக் கடைகளும் நிறைய உணவகங்களும் மூடியிருக்கும். ஞாயிறு மதியத்துக்குப் பிறகு கடைத்தெரு ஓய்ந்துவிடும். இவற்றையெல்லாம் கூட்டிக் கழித்தால் வியாழன் மாலை போய்ச் சேர்ந்து ஞாயிறு மாலை கிளம்புவதுதான் வசதி.

வெள்ளிக்கிழமையைத் திராட்சைத் தோட்டங்களுக்கு ஒதுக்குங்கள். சின்ன ஒயின் தயாரிப்பாளர்கள் பலர் சனி, ஞாயிறுகளில் ஆள் பார்ப்பதில்லை. சனிக்கிழமை சந்தைக்கு. ஞாயிறு அரண்மனைக்கும் அருங்காட்சியகத்துக்கும்.

மாதம் என்று கேட்டால் மே, ஜூன், அக்டோபர். ஆகஸ்டில் முதலாளிகளே விடுமுறைக்குப் போய்விடுவார்கள். செப்டம்பர் அறுவடைக் காலத்தில் தோட்டங்கள் பார்க்க நன்றாக இருக்கும், ஆனால் உங்களிடம் நின்று பேச யாருக்கும் நேரமிருக்காது. நவம்பர் மூன்றாம் ஞாயிறன்று பக்கத்து ஊரான போனில் ஒயின் ஏலம் நடக்கும். 1443இல் நிறுவப்பட்ட தரும மருத்துவமனையின் பெயரில் நடக்கும் ஏலம் அது. அந்த வார இறுதியில் சுற்றுவட்டாரத்தில் அறை கிடைப்பதே பாடு.

போய்ச் சேர்வது

ஷெங்கன் விசா வேண்டும். பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்து விண்ணப்பிக்கலாம், குறைந்தது 15 நாள் முன்பாவது கொடுத்திருக்க வேண்டும். 30,000 யூரோவுக்குக் குறையாத மருத்துவக் காப்பீடும் கேட்பார்கள்.

பாரிஸிலிருந்து அதிவேக ரயிலில் சுமார் ஒன்றே முக்கால் மணி நேரம். ரயில் புறப்படும் நிலையத்தின் பெயர் 'கார் து லியோன்'. பெயரில் லியோன் இருந்தாலும் நிலையம் இருப்பது பாரிஸில்தான். டிக்கெட்டை முன்கூட்டியே எடுத்துவிடுங்கள், நாள் நெருங்க நெருங்க விலை ஏறும். விமானத்தில் வந்து இறங்கிய அன்றே திஜோன் போவதானால், விமான நிலையத்திலிருந்து பாரிஸைக் குறுக்கே கடந்து இந்த நிலையத்துக்கு வர இரண்டு மணி நேரமாவது வைத்துக்கொள்ளுங்கள்.

தங்குவதற்குத் திஜோன் ரயில் நிலையத்துக்கும் ஊரின் நோத்ர தாம் தேவாலயத்துக்கும் இடையில் எங்கே அறை கிடைத்தாலும் சரி. பழைய ஊர் முழுவதும் கால்நடையாகவே போய்வரும் தூரம்தான். கால் வலித்தால் டிராம் இருக்கிறது. அதற்கு அடித்திருக்கும் நிறம் இந்த வட்டாரத்தில் விளையும் பிளாக்கரன்ட் பழத்தின் ஊதா. ஊர்ப்பெருமையை வண்டியிலேயே பூசி ஓட விட்டிருக்கிறார்கள்.

சாப்பாட்டு மணி

இதைப் புரிந்துகொண்டால் பாதிப் பயணம் முடிந்த மாதிரி. மதிய உணவு 12 மணிக்குத் தொடங்கும். ஒன்றரைக்குள் உட்கார்ந்துவிட வேண்டும், இரண்டு மணிக்குமேல் சமையலறையில் ஆள் இருக்க மாட்டார். இரவு ஏழு, ஏழரைக்குத் திறந்து ஒன்பது, ஒன்பதரைக்கு அடுப்பை அணைத்துவிடுவார்கள். இடைப்பட்ட நேரத்தில் பசித்தால் பேக்கரிதான் கதி. நான்கு மணிக்கு டிபன் சாப்பிட்டுப் பழகியவர்கள் பையில் ஏதாவது வைத்துக்கொள்வது நல்லது.

நல்ல உணவகத்தில் சாப்பிட விரும்பினால் மதியத்தில் போங்கள். இரண்டு அல்லது மூன்று பதார்த்தங்கள் சேர்த்து ஒரே விலைக்குத் தரும் மதியச் சாப்பாடு, அதே சமையல்காரரின் இரவு விருந்தைவிட மிகவும் மலிவு. வெள்ளி, சனி இரவுகளுக்கு முன்பதிவு இல்லாமல் போகாதீர்கள். உள்ளே நுழைந்ததும் 'போன்ஜூர்' சொல்லுங்கள். சொல்லாமல் நேரே விஷயத்துக்கு வந்தால் மரியாதைக் குறைவு. குழாய்த் தண்ணீரை ஜாடியில் கேட்டால் காசில்லாமல் தருவார்கள், ரொட்டியும் அப்படித்தான். சேவைக் கட்டணம் விலையிலேயே அடங்கியிருப்பதால் தனியாக டிப்ஸ் வைப்பது உங்கள் விருப்பம்.

என்ன சாப்பிடுவது? சிவப்பு ஒயினில் மணிக்கணக்கில் வேகும் மாட்டிறைச்சியான பெஃப் பூர்கினியோன், பூண்டும் பார்ஸ்லி இலையும் சேர்த்த வெண்ணெயில் சுட்ட நத்தை, பார்ஸ்லி கலந்த ஜெல்லியில் உறைய வைத்த பன்றி இறைச்சி. மூன்றும் இந்த மண்ணின் சாப்பாடு. என்னைக் கேட்டால் முதல் இடம் ஏ ஆன் மெரேத்துக்குத்தான்: ஓடில்லாமல் வேக வைத்த முட்டை, கருஞ்சிவப்பு ஒயின் குழம்பில் மிதந்து வரும். முட்டைதானே என்று சைவத்தோடு முட்டை சாப்பிடுகிறவர்கள் ஏமாந்துவிடக் கூடாது. குழம்பில் பன்றிக் கொழுப்புத் துண்டுகள் இருக்கும்.

சைவர்களுக்கு இந்த ஊர் கொஞ்சம் கடினம். வெறுமனே 'வெஜிடேரியன்' என்று சொன்னால் மீன் பரவாயில்லையா என்று கேட்பார்கள். 'சான் வியாந்த், சான் புவாசோன்', அதாவது இறைச்சியும் வேண்டாம், மீனும் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். சாலட்டில்கூடப் பன்றிக் கொழுப்புத் துண்டு தூவி வரும், 'லார்தோன்' இல்லாமல் என்று தனியே சொல்ல வேண்டும். சூப்பை நம்பாதீர்கள், பெரும்பாலும் இறைச்சிச் சாறு இருக்கும். முட்டையும் சீஸும் சாப்பிடுவீர்களானால் கவலையில்லை. கூழேர் என்ற சீஸ் உருண்டையைச் சூடாகச் சாப்பிட்டுப் பாருங்கள், நான்கில் நிறுத்துவது சிரமம்.

சாப்பாட்டுக்கு முன் 'கீர்' கேட்கலாம். அலிகோத்தே என்ற புளிப்பான வெள்ளை ஒயினில் பிளாக்கரன்ட் மதுவைக் கொஞ்சம் ஊற்றினால் கீர். 1945 முதல் 1968 வரை இங்கே மேயராக இருந்த ஃபெலிக்ஸ் கீர் என்ற பாதிரியார், நகர மண்டபத்துக்கு வந்த விருந்தாளிகளுக்கெல்லாம் இதையே ஊற்றிக் கொடுத்ததால் அவர் பெயரே நிலைத்துவிட்டது. மது வேண்டாம் என்பவர்கள் பிளாக்கரன்ட் சாறு கேட்டு வாங்கலாம், அதுவும் உள்ளூர்ச் சரக்குதான்.

வெள்ளி: தோட்டத்துக்கு

வாடகைக் கார் எடுக்காதீர்கள். ருசி பார்க்கப் போகிற இடத்தில் ஓட்டுநர் ஒருவர் பட்டினி கிடக்க வேண்டியிருக்கும். காலை உள்ளூர் ரயிலில் நுயி சான் ஜோர்ஜ் ஊருக்குப் போய், அங்கிருந்து தோட்டங்களுக்கு நடுவே வடக்கு நோக்கி நடப்பதுதான் என் யோசனை. வோன் ரொமானே கிராமம் வழியாக வூழோ கோட்டை வரை ஐந்தாறு கிலோமீட்டர், பெரிதாக மேடு பள்ளம் இல்லை. திரும்புவதற்கான பேருந்து, ரயில் நேரங்களைக் காலையிலேயே குறித்துக்கொள்ளுங்கள். வண்டிகள் அடிக்கடி இல்லை.

நடக்கும்போது இடப்பக்கச் சரிவைப் பாருங்கள். ஒயின் விலைப் பட்டியல் அங்கேதான் இருக்கிறது. கீழே, நெடுஞ்சாலைக்குக் கிழக்கே உள்ள சமதளத்தில் விளைவது பெரும்பாலும் வட்டாரப் பெயரில் விற்கும் எளிய ஒயின். சாலைக்கு மேற்கே மேடு தொடங்கும் இடத்தில் கிராமப் பெயர் தாங்கிய ஒயின். அதற்கு மேல் 'ப்ரீமியே க்ரூ'. சரிவின் நடு இடுப்பில், தண்ணீர் தேங்காமல் வடிந்து, காலை வெயில் நேரே விழும் சுண்ணாம்பு மண்ணில் 'கிரான் க்ரூ'. மொத்த உற்பத்தியில் நூற்றுக்கு ஒன்றிரண்டு பங்குதான் இந்தக் கடைசி வகை. இப்படித் துண்டு துண்டாகப் பெயர் வைத்துப் பிரித்த 1,247 தோட்டங்களை 2015இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது.

வோன் ரொமானேயில் ஒரு கல் சிலுவை நிற்கும். அதன் பின்னால் இருப்பது ரொமானே கோந்தி, 2 ஹெக்டேருக்கும் குறைவான நிலம், உலகின் மிக விலையுயர்ந்த ஒயின்களில் ஒன்று அங்கே விளைகிறது. பாதையில் நின்று பார்க்கலாம். உள்ளே கால் வைக்காதீர்கள், பழத்தைத் தொடவே கூடாது. பார்ப்பதற்குப் பக்கத்துத் தோட்டத்துக்கும் அதற்கும் ஒரு வித்தியாசமும் தெரியாது.

வூழோவின் மதிலுக்குள் சுமார் 50 ஹெக்டேர். 12ஆம் நூற்றாண்டில் சிஸ்டர்சியன் துறவிகள் தொடங்கிய தோட்டம், இன்று சுமார் 80 பேருக்குச் சொந்தம். மேட்டிலிருந்து நெடுஞ்சாலை வரை இறங்கும் இந்த நிலம் முழுவதுக்கும் கிரான் க்ரூ தகுதி உண்டு. கீழ்ப்பகுதிக்கு அது தகுமா என்பது ஒயின் ரசிகர்களின் ஓயாத சண்டை. ஆகவே இந்தப் பெயரைப் பார்த்ததும் பணத்தை எடுக்காமல், யார் தயாரித்தது என்று விசாரியுங்கள். கோட்டைக்குள் துறவிகள் காலத்து மரச் செக்குகளைப் பார்க்கலாம். ஆள் உயரத்துக்கும் மேலே எழுந்து நிற்கும் அவற்றைப் பார்த்துவிட்டு வெளியே வந்தால் கையில் பிடித்த கிளாஸ் சின்னதாகத் தெரியும்.

நிலவறையில் ருசி பார்க்க மின்னஞ்சலில் முன்பே நேரம் வாங்குங்கள். வாசனைத் திரவியம் பூசிக்கொண்டு போகாதீர்கள். வாயில் வைத்துச் சுழற்றித் துப்புவது அங்கே நாகரிகக் குறைவு அல்ல, அதற்கென்றே பாத்திரம் வைத்திருப்பார்கள். வாங்கும்போது ஒரு எச்சரிக்கை: இங்குள்ள கிராமங்கள் பல, தம் எல்லையில் உள்ள புகழ்பெற்ற தோட்டத்தின் பெயரைத் தம் பெயரோடு ஒட்டிக்கொண்டவை. ஜெவ்ரே கிராமம் 1847இல் 'ஜெவ்ரே ஷாம்பெர்த்தான்' ஆனது. அந்த லேபிள் உள்ள பாட்டில் கிராம ஒயின். வெறும் 'ஷாம்பெர்த்தான்' என்று இருந்தால்தான் கிரான் க்ரூ. இரண்டுக்கும் விலையில் மலைக்கும் மடுவுக்கும் உள்ள தூரம்.

சனி: சந்தையும் கடுகும்

ஒன்பது மணிக்குள் சந்தைக்குப் போய்விடுங்கள். 1870களில் எழுந்த இரும்புக் கூடம் அது. ஒரு சுற்று எதையும் வாங்காமல் வாருங்கள், இரண்டாவது சுற்றில் வாங்குங்கள். ஏபுவாஸ் என்ற சீஸை ஒரு முறையாவது ருசிக்க வேண்டும். திராட்சைச் சாராயம் கலந்த நீரால் மேல்தோலைக் கழுவிக் கழுவிப் பதப்படுத்துவார்கள், மணம் ஊரைக் கூட்டும், ருசி சாதுவானது. விடுதி அறையில் வைத்துவிடாதீர்கள். ரொட்டியோடு அரண்மனைக்குப் பின்னால் உள்ள சின்னப் பூங்காவில் உட்கார்ந்து அங்கேயே தீர்த்துவிடுங்கள்.

பிறகு கடுகு. தாளிக்கும்போது வெடிக்கிற கடுகை மட்டுமே அறிந்த நமக்கு, பச்சையாக அரைத்த கடுகின் காரம் மூக்கில் ஏறுவது புதிது. 'திஜோன் கடுகு' என்பது செய்முறையின் பெயர்தான். எந்த நாட்டிலும் செய்து அந்தப் பெயரில் விற்கலாம். பிரான்சுக்கு வரும் விதையில் பெரும்பகுதி கனடாவில் விளைவது. 2021இல் அங்கே வறட்சி வந்து விளைச்சல் சரிந்தபோது, அடுத்த ஆண்டு பிரெஞ்சுக் கடைகளின் கடுகு அலமாரிகள் காலியாகக் கிடந்தன. ஊரிலேயே விளைந்த விதையும் ஊர் வெள்ளை ஒயினும் சேர்ந்தது வேண்டுமானால் லேபிளில் 'மூத்தார்த் து பூர்கோஞ்' என்று இருக்கிறதா பாருங்கள். கடைகளில் ருசி பார்க்கத் தருவார்கள். பிளாக்கரன்ட், தேன் என்று கலவைகள் வரிசையாக இருந்தாலும் சாதாக் கடுகை முதலில் வாயில் வையுங்கள். அது நன்றாக இருக்கும் கடையில்தான் மற்றவையும் நன்றாக இருக்கும். தேனும் சோம்பும் மணக்கும் பேன் தெபீஸ் ரொட்டியை, 1796 முதல் அதே தொழிலில் இருக்கும் முலோ எ பெதிஜான் கடையில் வாங்கலாம்.

நோத்ர தாம் தேவாலயத்தின் பக்கச் சுவரில் தேய்ந்துபோன ஆந்தைச் சிற்பம் ஒன்று உண்டு. இடது கையால் தடவி வேண்டிக்கொள்வது வழக்கம். வரிசையில் நிற்கிற உள்ளூர்க்காரர்களைப் பார்த்தால் விளையாட்டாக மட்டும் செய்வதாகத் தோன்றாது.

ஞாயிறு: பிரபுக்கள்

அரண்மனைக்குள் இருக்கும் அருங்காட்சியகத்தின் நிரந்தரக் காட்சிக்குக் கட்டணமில்லை. நேரம் குறைவாக இருந்தால் ஓவியங்களை விட்டுவிட்டுக் கல்லறை மண்டபத்துக்குப் போங்கள். 'துணிந்த பிலிப்' என்ற பிரபு கல்லாகப் படுத்திருக்க, அடியில் சின்னச் சின்ன வளைவுகளுக்குள் முக்காடிட்ட துக்கக்காரர்கள் ஊர்வலம் போகிறார்கள். முழங்கால் உயரம்கூட இல்லாத அந்த உருவங்களை ஒவ்வொன்றாகக் குனிந்து பார்க்க வேண்டும். இதே பிலிப்தான் 1395இல் காமே என்ற திராட்சைக் கொடிகளைப் பிடுங்கச் சொல்லி ஆணையிட்டவர். வெள்ளிக்கிழமை நீங்கள் குடித்த சிவப்பு ஒயின் பினோ நுவார் திராட்சையில் செய்ததாக இருந்ததில் அவருக்கும் பங்குண்டு. நோத்ர தாம் தேவாலயத்தின் உச்சியில் மணியடிக்கும் பொம்மைக் கடிகாரமும் 1382இல் அவர் ஃபிளாண்டர்ஸில் கொள்ளையடித்துக் கொண்டுவந்தது. முழங்கால் ஒத்துழைத்தால் 46 மீட்டர் உயரமுள்ள பிலிப் லெ போன் கோபுரத்தில் 316 படி ஏறலாம். வழிகாட்டியோடு மட்டுமே அனுமதி, முன்பதிவு அவசியம்.

ரயிலுக்கு நேரமிருந்தால் பழைய பொது மருத்துவமனை வளாகத்தில் 2022இல் திறந்த உணவு, ஒயின் மையத்தை எட்டிப் பார்க்கலாம். கண்காட்சிகள் எனக்கு அவ்வளவு ஈர்ப்பாக இல்லை. கிளாஸ் கணக்கில் ஏராளமான ஒயின்களை ருசி பார்க்க விடும் நிலவறைக் கடை மட்டும் தனி ரகம்.

மூட்டை கட்டும்போது

கடுகு பசை என்பதால் விமானத்தில் திரவக் கணக்கில்தான் வரும். 100 மில்லிக்கு மேற்பட்ட ஜாடியைக் கைப்பையில் வைத்தால் பாதுகாப்புச் சோதனையில் போய்விடும். ஒயினைத் துணிகளுக்கு நடுவில் சுற்றிப் பெரிய பெட்டியில் வையுங்கள். இந்தியாவுக்குள் வயது வந்த ஒருவர் வரியில்லாமல் 2 லிட்டர் மது கொண்டுவரலாம். ஒரே கடையில் 100 யூரோவுக்கு மேல் வாங்கியிருந்தால் வரியைத் திரும்பப் பெறும் படிவத்தை அங்கேயே கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள், பாஸ்போர்ட் கையில் இருக்க வேண்டும். அந்தப் படிவத்தை விமான நிலையத்து இயந்திரத்தில் காட்டிப் பதிந்த பிறகே பெட்டியை ஒப்படையுங்கள். சுங்கத்தில் பொருளைக் காட்டச் சொன்னால், பெட்டி அதற்குள் விமானத்துக்குப் போயிருக்கக் கூடாது.