சின்ன இரைப்பைக்குச் சின்னச் சாப்பாடு

உடல் எடை குறைய ஆபரேஷன் செய்துகொண்டவர்கள் நம் குழுக்களிலும் இருக்கிறார்கள். "சாப்பிட்டதும் வயிறு பிசையுது, படபடன்னு வருது, பேதியாகுது" என்று சிலர் சொல்கிறார்கள். இது எதனால்?

ஆபரேஷனில் இரைப்பையைச் சிறிதாக்குகிறார்கள். சில முறைகளில் குடலையும் மாற்றி இணைக்கிறார்கள். அதனால் இனிப்பு சாப்பிட்டால் சட்டென்று குடலுக்குள் இறங்கிவிடும். அரை மணிக்குள் வியர்வை, வயிற்றுவலி, பேதி வரலாம். சிலருக்கு 1 முதல் 3 மணி நேரம் கழித்து ரத்தத்தில் சர்க்கரை குறைந்து கை நடுங்கும்.

நாம் செய்ய வேண்டியவை:

* சாப்பாட்டை 5, 6 வேளையாகப் பிரித்து, நன்றாக மென்று சாப்பிடுவோம்.
* முட்டை, மீன், பருப்பு முதலில், சோறு பிறகு.
* சாப்பாட்டோடு தண்ணீர் வேண்டாம். அரை மணி கழித்துக் கொஞ்சம் கொஞ்சமாகக் குடிப்போம்.
* இனிப்பு, ஜூஸ், எண்ணெய்ப் பலகாரம் தவிர்ப்போம்.
* "மிச்சம் வீணாப் போகுதே" என்று வயிற்றில் போட வேண்டாம்.
* டாக்டர் தந்த சத்து மாத்திரைகளை நாமாக நிறுத்தக் கூடாது.

வாந்தி ஓரிரு நாளில் நிற்கவில்லையா? கடும் வலியா? மலம் தார்போல் கறுத்துப் போகிறதா? "தானாச் சரியாயிடும்" என்று பொறுக்காதீர்கள். விடாத வாந்தியால் பி1 சத்து குறைந்து நரம்பும் மூளையும் பாதிக்கப்படும். உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். செலவுக்குக் கஷ்டமென்றால் குழுவில் கேளுங்கள், உள்கடன் இதற்கும்தான்.

கூட்டத்தில் ஒரு சகோதரி லட்டு வேண்டாமென்றால், மற்றவர்கள் வற்புறுத்த வேண்டாம். அதுவும் நாம் செய்யும் உதவியே!