ஸ்கீமா சேர்த்தால் முதலிடம் வருமா?

கேள்வி: இணையத்தில் போர்வை, துண்டு விற்கிறேன். தளத்தில் ‘ஸ்கீமா’ சேர்த்தால் கூகுளில் முதலிடம் வரும் என்று சொல்லி ஒருவர் பணம் கேட்கிறார். கொடுக்கலாமா? – வாசகர், ஈரோடு

பதில்: முதலிடத்துக்காக என்றால் கொடுக்காதீர்கள். அந்த உறுதியைக் கூகுளே யாருக்கும் தருவதில்லை.

பக்கத்தில் ‘450’ என்று இருந்தால் அது விலையா, கிராம் எடையா என்பது வாங்குபவருக்குப் பார்த்ததும் புரியும். தேடுபொறி ஊகிக்க வேண்டும். ‘இது விலை, ரூபாயில், சரக்கு கையிருப்பில் உண்டு’ என்று ஒவ்வொன்றையும் தேடுபொறிக்குப் பெயரிட்டுச் சொல்வதுதான் ஸ்கீமா. கூகுள், மைக்ரோசாஃப்ட், யாஹூ மூன்றும் சேர்ந்து 2011-இல் இந்தப் பெயர்களை வகுத்தன. (போட்டியாளர்கள் ஒத்துப்போன அபூர்வம்!) இந்த ஸ்கீமா குறியீட்டை எழுதக் கூகுள் பரிந்துரைப்பது ஜேசன்-எல்டி வடிவம். பக்கத்தின் தோற்றம் மாறாது. ஆனால் தேடல் முடிவிலேயே விலை, கையிருப்பு, நட்சத்திர மதிப்பீடு தெரியக்கூடும். ‘தெரியும்’ என்று நான் எழுதவில்லை, கவனியுங்கள். எடுத்துக்காட்டாக, ‘அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்’ குறியீட்டுக்குத் தேடல் முடிவில் கிடைத்த இடத்தை 2023-இல் கூகுள் அரசு, மருத்துவத் தளங்களோடு சுருக்கிக்கொண்டது.

விலையை மாற்றினால் குறியீட்டிலும் மாற்ற வேண்டும். பக்கத்தில் இல்லாத ஐந்து நட்சத்திரத்தைக் குறியீட்டில் மட்டும் எழுதுவது மோசடி. பிடிபட்டால் தேடல் முடிவில் கிடைக்கும் அந்தச் சிறப்புத் தோற்றம் பறிபோகும்.

ஷாப்பிஃபை, வூகாமர்ஸ் போன்றவற்றில் கடை நடத்தினால் அடிப்படைக் குறியீடு பெரும்பாலும் ஏற்கெனவே இருக்கும். கூகுளின் இலவச ‘ரிச் ரிசல்ட்ஸ் டெஸ்ட்’ பக்கத்தில் உங்கள் பொருள் பக்க முகவரியைப் போட்டுப் பாருங்கள். பிழை காட்டினால் மட்டும் அவரிடம் பேரம் பேசுங்கள்.