இணையதள வடிவமைப்பு தொழிலாக மாற…

மேல்நிலையில் கணினிப் பயன்பாடுகள் பாடம் எடுத்த மாணவர்கள் பதினோராம் வகுப்பிலேயே ஹெச்.டி.எம்.எல்., சி.எஸ்.எஸ்., ஜாவாஸ்கிரிப்ட் மூன்றையும் படித்துவிடுகிறார்கள். அவர்களில் சிலர் ஆண்டுதோறும் என்னிடம் கேட்கும் கேள்வி: “டீச்சர், இதை வைத்துச் சொந்தமாகத் தொழில் தொடங்க முடியுமா?”

முடியும். ஆனால் அதற்கு வேண்டிய திறன்களில் பாதிதான் அந்தப் பாடநூலில் இருக்கிறது. மறுபாதி தமிழ், கணக்கு, சமூக அறிவியல் வகுப்புகளில் வளர்கிறது. எனவே கணினி ஆசிரியர்களுக்கு மட்டுமின்றி அனைவருக்கும் இதை எழுதுகிறேன்.

கேட்கத் தெரிதல்

எங்கள் மாணவர் குழு ஒன்று ஊரிலுள்ள மாவு மில்லுக்கு மாதிரிப் பக்கம் தயாரித்தது. மேலே பெரிய படம், நகரும் எழுத்துகள், ‘நல்வரவு’. உரிமையாளர் பார்த்துவிட்டு, “மில் என்னைக்கு லீவுன்னு இதுல எங்கப்பா இருக்கு?” என்றார். அவருக்கு வரும் தொலைபேசி அழைப்புகளில் பெரும்பாலானவை அதற்காகத்தானாம்.

வாடிக்கையாளரிடம் ‘என்ன நிறம் வேண்டும்?’ என்பதற்கு முன் ‘உங்களிடம் வருபவர்கள் எதை விசாரிக்கிறார்கள்?’ என்று கேட்க வேண்டும். கிடைத்த பதில்களை முக்கியத்துவ வரிசையில் அடுக்கிச் சுருக்கமாக எழுத வேண்டும். நேர்காணலும் சுருக்கி வரைதலும் மொழிப்பாடத்தில் நாம் ஏற்கெனவே கற்பிப்பவை. வார்ப்புருக்களும் செயற்கை நுண்ணறிவுக் கருவிகளும் சில நிமிடங்களில் பக்கம் தந்துவிடும் இக்காலத்தில், வாடிக்கையாளர் பணம் கொடுப்பது இந்தப் புரிதலுக்குத்தான்.

எல்லோருக்கும் திறக்கும் பக்கம்

பக்கத்தின் கட்டமைப்புக்கு ஹெச்.டி.எம்.எல்., தோற்றத்துக்கு சி.எஸ்.எஸ்., இயக்கத்துக்கு ஜாவாஸ்கிரிப்ட். இந்த அடிப்படை தெரிந்தவருக்கு வேர்ட்பிரஸ் போன்ற இலவச மென்பொருளைக் கையாள்வதும் எளிது. அத்துடன் மூன்று பழக்கங்கள் வேண்டும்.

1. ஆய்வகக் கணினியில் அழகாகத் தெரிவது போதாது. வீட்டிலுள்ள பழைய கைபேசியிலும் திறந்து பார்க்க வேண்டும். 4 எம்.பி. அளவுள்ள புகைப்படத்தை அப்படியே ஏற்றாமல் 200 கே.பி. அளவுக்குக் குறைத்து ஏற்றினால் பக்கம் விரைவாகத் திறக்கும்.

2. தமிழை யூனிகோடில்தான் தட்டச்சு செய்ய வேண்டும். பழைய எழுத்துரு முறைகளில் அடித்தால் அந்த எழுத்துரு இல்லாத கருவியில் எழுத்துகள் சிதைந்து தெரியும், தேடுபொறியிலும் சிக்காது.

3. பார்வைக் குறைபாடு உள்ளோர் திரைவாசிப்பான் மூலம் பக்கத்தைக் கேட்டறிகிறார்கள். ஒவ்வொரு படத்துக்கும் மாற்று விவரம் எழுதினால்தான் படத்தில் இருப்பது அவர்களுக்குத் தெரியும். எழுத்துக்கும் பின்னணிக்கும் இடையே குறைந்தது 4.5:1 நிற வேறுபாடு இருக்க வேண்டும் என்பது பன்னாட்டு அணுகல் வழிகாட்டுதல். என்.வி.டி.ஏ. என்ற இலவசத் திரைவாசிப்பானை ஆய்வகத்தில் நிறுவி, மாணவர்கள் கண்ணை மூடிக்கொண்டு தங்கள் பக்கத்தைக் கேட்கச் செய்யலாம்.

விலை சொல்லத் தெரிதல்

ஐந்து பக்கத் தளத்துக்கு விலை கணக்கிடச் சொன்னால், மாணவர்கள் நிரல் எழுதும் நேரத்தை மட்டும் கணக்கில் கொள்கிறார்கள். 16 மணி நேரம், மணிக்கு 150 ரூபாய் என்றால் 2,400 ரூபாய். உண்மையில் வாடிக்கையாளருடன் பேச 4 மணி, வடிவமைக்க 8, சோதிக்க 6, திருத்த 6 மணி நேரம் சேர்த்தால் மொத்தம் 40 மணி. அதாவது 6,000 ரூபாய். இவை பயிற்சிக்கான எண்களே. ஆனால் விடுபட்ட அந்த 3,600 ரூபாய்தான் தொழில் நிற்பதையும் விழுவதையும் முடிவு செய்கிறது. தளப்பெயர், சேமிப்பிடம் ஆகியவற்றுக்குத் தொடர்ந்து வரும் புதுப்பிப்புக் கட்டணத்தைத் தனியாகக் காட்டவும் பழக்க வேண்டும்.

பேச்சை எழுத்தில் வைத்தல்

எங்கள் முன்னாள் மாணவர் ஒருவர் ஒரு கடைக்கு அருமையாகத் தளம் செய்து கொடுத்தார். தளப்பெயரைத் தன் பெயரிலும் தன் மின்னஞ்சலிலும் பதிந்திருந்தார். பிறகு வேலை கிடைத்து வெளியூர் சென்றார். புதுப்பிக்கச் சொல்லி வந்த மின்னஞ்சலை யாரும் பார்க்கவில்லை. ஒருநாள் தளம் மறைந்தது. விசிட்டிங் கார்டிலும் பில் புத்தகத்திலும் அச்சிட்டிருந்த முகவரி பயனற்றுப் போனது. அவருடைய திறமையைப் புகழ்ந்தவரே அடுத்த கடைக்காரரிடம் அவரைப் பற்றி எச்சரித்தார்.

தளப்பெயர் வாடிக்கையாளர் பெயரில் இருக்க வேண்டும். எத்தனை பக்கம், எத்தனை முறை திருத்தம், எப்போது எவ்வளவு பணம், பிறகு யார் பராமரிப்பது என்பதை ஒரு தாளில் எழுதி இருவரும் கையெழுத்திட வேண்டும். 18 வயது நிறையாதவர் செய்யும் ஒப்பந்தம் 1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டப்படி செல்லாது; எனவே பள்ளிப் பருவத்தில் பயிற்சி மட்டும் போதும். இணையத்தில் கிடைக்கும் படங்களுக்கும் பதிப்புரிமை உண்டு. கடைக்குச் சென்று நாமே படம் எடுப்பது நல்லது. தொழில் தொடங்கும்போது செய்யும் உத்யம் பதிவு அரசுத் தளத்தில் இலவசம். அதற்குக் கட்டணம் கேட்பவர்களிடம் ஏமாறக் கூடாது.

வகுப்பறையில் செய்து பார்க்க

4, 5ஆம் வகுப்பு: ஊர்க் கடை ஒன்றுக்கு அறிவிப்புத் தாள் தயாரித்தல். எதை முதலில் எழுதுவது, ஏன் என்று பேசச் செய்தல்.

6 முதல் 8ஆம் வகுப்பு: கடைக்காரரிடம் ஐந்து கேள்விகள் கேட்டு, பதில்களைக் கொண்டு மூன்று பக்கங்களைத் தாளில் வரைதல்.

9, 10ஆம் வகுப்பு: அந்தத் தளத்துக்கான நேரம், செலவு, விலைப் பட்டியல் தயாரித்தல்.

மேல்நிலை: பக்கங்களைக் கணினியில் உருவாக்கி, ஒரு பழைய கைபேசியிலும் திரைவாசிப்பானிலும் சோதித்தல், மாதிரி ஒப்பந்தம் எழுதுதல்.

பள்ளி முடித்ததும் அதிகக் கட்டணப் பயிற்சியில் சேர்க்கலாமா என்று பெற்றோர் கேட்கும்போது, இந்தச் செயல்பாடுகளில் மாணவர் செய்த மூன்று பக்கங்களை அவர்களுக்குத் திறந்து காட்டலாம். பிள்ளைக்கு எது வந்துவிட்டது, எதைக் கற்க மட்டும் செலவிட வேண்டும் என்பதை அவர்களே தீர்மானித்துக் கொள்வார்கள்.