முதுகுவலிக்கு வெப்பப் படம்: எடுக்கும் முன் தெரிந்துகொள்வோம்



தேவிகாபுரத்தில் பட்டு நெய்யும் நமக்கு இடுப்பு வலி புதிதல்ல. தறிக்குழியில் காலை விட்டு, மிதியை மிதித்து, முன்பக்கம் குனிந்தே நாள் முழுக்க உட்காருகிறோம். தறியில் உட்காராதவர்களும் தார் சுற்றுவது, பாவு பிணைப்பது என்று தரையில் குனிந்தே இருக்கிறோம். இப்படி வரும் வலி மூன்று மாதத்துக்கு மேல் நீடித்தால் அது நாள்பட்ட வலி. உலக சுகாதார நிறுவனக் கணக்குப்படி 2020-இல் உலகம் முழுவதும் சுமார் 62 கோடி பேருக்கு இடுப்பு வலி இருந்தது.

இந்த வலிக்குக் காரணம் கண்டுபிடிக்க, தோலின் சூட்டைப் படம் எடுக்கும் முறை ஒன்று உண்டு. பெயர் தெர்மோகிராபி. இது எதைக் காட்டும், எதைக் காட்டாது என்று இந்த இதழில் பார்ப்போம்.

வெப்பப் படம் என்றால் என்ன?

நம் உடம்பு எப்போதும் அகச்சிவப்புக் கதிரை வெளிவிடுகிறது. அது கண்ணுக்குத் தெரியாது. சூடு கூடினால் கதிரும் கூடும். 2020-இல் கொரோனா நேரத்தில் நெற்றிக்கு நேராக நீட்டிக் காய்ச்சல் பார்த்தார்களே, அந்தக் கருவியும் இந்தக் கதிரைத்தான் அளந்தது. அது ஓர் இடத்தின் சூட்டை எண்ணாகச் சொல்லும். வெப்பக் கேமராவோ முதுகு முழுவதையும் வண்ணப் படமாகக் காட்டும். பொதுவாகச் சூடான இடம் சிவப்பு, குளிர்ந்த இடம் நீலம். ஊசி இல்லை, வலி இல்லை, எக்ஸ்ரே கதிரும் இல்லை.

தோலுக்கு அடியில் ரத்தம் அதிகம் ஓடினால் தோல் சூடாகும். வீக்கம் இருந்தாலும், நரம்பு பாதித்தாலும் இந்த ஓட்டம் மாறலாம். அதனால் இடது பக்கத்தையும் வலது பக்கத்தையும் ஒப்பிட்டுப் பார்க்கிறார்கள்.

நம் மாநிலத்தில் நடந்த ஆய்வு

கல்பாக்கத்தில் உள்ள இந்திரா காந்தி அணு ஆராய்ச்சி மைய விஞ்ஞானிகள் இந்தக் கேமராவை மருத்துவத்துக்குப் பயன்படுத்திப் பார்த்திருக்கிறார்கள். சர்க்கரை நோயாளிகளின் உள்ளங்காலைப் படம் எடுத்த அவர்களது ஆய்வு 2010-இல் வெளியானது. நரம்பு பாதித்தவர்களின் பாதம் மற்றவர்களின் பாதத்தைவிடச் சூடாக இருந்தது. ஆக, இந்தக் கருவி ஏமாற்று வேலை இல்லை. ஆனால் பாதம் வேறு, முதுகு வேறு.

முதுகுவலிக்கு ஏன் போதாது?

• முதுகுத்தண்டின் ஜவ்வும் நரம்பு வேரும் தசைக்கு அடியில் ஆழத்தில் இருக்கின்றன. கேமரா பார்ப்பது மேல் தோலை மட்டும்.
• படம் சூட்டைக் காட்டும், வலியைக் காட்டாது. வலி இருந்தும் படம் சரியாக இருக்கலாம். வலியே இல்லாமல் சிவப்பாகவும் தெரியலாம்.
• தைலம், ஒத்தடம், வெயில், சூடான டீ எல்லாம் படத்தை மாற்றிவிடும். குளிர்ந்த அறையில் சிறிது நேரம் இருந்த பிறகே படம் எடுக்க வேண்டும்.

இடுப்பு நரம்பு அழுத்தத்தைக் கண்டுபிடிக்க இது உதவுமா என்று நடந்த பல ஆய்வுகளை அமெரிக்க மருத்துவர்கள் சேர்த்து ஆராய்ந்தார்கள். வழக்கமான சிகிச்சைக்கு இதைப் பரிந்துரைக்க முடியாது என்று 1991-இல் எழுதினார்கள். அதனால் இந்தப் படத்தை மட்டும் வைத்து ஆபரேஷன் என்றோ, விலை கூடிய மருந்து என்றோ யாராவது சொன்னால் ஒத்துக்கொள்ள வேண்டாம்.

பிறகு என்ன செய்வது?

முதலில் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கோ அரசு மருத்துவமனைக்கோ போவோம். எத்தனை மணி நேரம் தறியில் உட்காருகிறோம், வலி காலுக்கு இறங்குகிறதா என்று விவரமாகச் சொல்வோம். மருத்துவர் படுக்க வைத்துக் காலைத் தூக்கிப் பார்ப்பார், காலின் பலத்தையும் உணர்ச்சியையும் சோதிப்பார். பெரும்பாலோருக்கு ஸ்கேன் இல்லாமலே சிகிச்சை தொடங்கலாம்.

உலக சுகாதார நிறுவனம் 2023-இல் வெளியிட்ட வழிகாட்டுதலில் உடற்பயிற்சியும், வலியைப் பற்றிப் புரிய வைப்பதும் முக்கியம் என்கிறது. இடுப்பு பெல்ட்டை வழக்கமாகக் கொடுக்க வேண்டாம் என்கிறது. 2021-இல் தமிழக அரசு தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே வந்து தரும் இயன்முறை சிகிச்சையும் உண்டு. சுகாதார செவிலியரிடம் கேளுங்கள்.

தறியில் ஒரே இருப்பாக இருக்காமல் அரை மணிக்கு ஒரு தடவை எழுந்து நாலு எட்டு நடப்போம். "ஒரு முழம் முடிச்சிட்டு எழுந்திரிக்கலாம்" என்று தள்ளிப்போட வேண்டாம்.

தாமதம் கூடாத அறிகுறிகள்

• சிறுநீர், மலம் கட்டுப்பாடு இல்லாமல் போவது அல்லது சிறுநீர் வராமல் நின்றுபோவது
• தொடை இடுக்கில் மரத்துப்போவது, கால் பலம் குறைவது
• சாயங்காலக் காய்ச்சல், உடம்பு இளைப்பது (முதுகெலும்பில் காசநோயாக இருக்கலாம்)
• கீழே விழுந்த பிறகு கடும் வலி

முதல் இரண்டும் வந்தால் அன்றைக்கே பெரிய மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

கடன் கேட்கும் முன் மூன்று கேள்வி

பரிசோதனைக்காகக் குழுவில் கடன் கேட்பவர் மருத்துவரிடம் இவற்றைக் கேட்டு வரட்டும்:

1. இந்தப் படத்தில் என்ன தெரிந்தால் என் சிகிச்சை மாறும்?
2. படம் எடுக்காவிட்டால் என்ன நஷ்டம்?
3. அரசு மருத்துவமனையில் இதற்கு வேறு வழி உண்டா?

முதல் கேள்விக்குத் தெளிவான பதில் இல்லையென்றால் அந்தப் பணம் சேமிப்பிலேயே இருக்கட்டும். அடுத்த குழுக் கூட்டத்தில் இந்தப் பாடத்தை ஒருவர் சத்தமாக வாசியுங்கள். வலியைச் சொல்லாமல் பொறுத்துக்கொண்டிருக்கும் உறுப்பினர் யார் என்று கேளுங்கள். அவரைத் தனியாக அனுப்பாமல் துணைக்கு ஒருவர் போய் வாருங்கள்.