கைத்தாங்கலாய்க் குளிக்கிறவர்களுக்கு உதவுகிறவர்கள் கவனிக்க

1. துண்டு, மாற்றுத்துணி, சோப்பு எல்லாவற்றையும் முதலிலேயே கைக்கெட்டும் தூரத்தில் வைத்துவிட்டு அப்புறம் குளிக்கிறவரைக் கூப்பிடுங்கள். "இதோ துண்டு எடுத்துட்டு வரேன்" என்று நாம் நகர்கிற நேரத்தில்தான் அவர்கள் தாங்களாக எழுந்து நிற்கப் பார்ப்பார்கள்.

2. சாதா பிளாஸ்டிக் நாற்காலி ஈரத்தரையில் கால் விரிந்து வழுக்கிவிடும். கைப்பிடியும் ரப்பர் புஷ்ஷும் உள்ள குளியல் நாற்காலியாக வாங்குங்கள். உட்கார்ந்தால் இரண்டு பாதமும் தரையில் முழுசாகப் பதிய வேண்டும். மற்றதில் எல்லாம் மிச்சம் பிடிக்கலாம், இதில் வேண்டாம்.

3. துண்டு மாட்டும் கம்பியும் குழாயும் ஆள் பாரம் தாங்காது. சுவரில் துளை போட்டு உறுதியான கைப்பிடி ஒன்று பொருத்திவிடுங்கள். உள்ளே மாட்டிக்கொள்ளாமல் இருக்க, உள்தாழ்ப்பாளைக் கழற்றிவிட்டுத் திரை போட்டால் போதும்.

4. பக்கெட்டில் முதலில் பச்சைத்தண்ணீர், பிறகு வெந்நீர். சர்க்கரை நோயால் பாதம் மரத்தவருக்கும் பக்கவாதம் வந்தவருக்கும் சூடு சரியாக உறைக்காமல் போகலாம், அதனால் "சூடு சரியா இருக்கா?" என்று கேட்பதோடு விடாமல் உங்கள் முழங்கையை விட்டுப் பாருங்கள். 37, 38 டிகிரி, அதாவது ஏறக்குறைய உடம்புச் சூடு இருந்தாலே இதமாக இருக்கும்.

5. பழைய சாக்ஸுக்குள் சோப்பைப் போட்டு முடிந்து நாற்காலிக் கையில் கட்டிவிட்டால் நழுவி விழாது, கரைந்துபோன துண்டுகளும் வீணாகாது. பக்கெட்டை முக்காலி மேல் வைத்தால் குனியாமல் அவர்களே மொண்டு ஊற்றிக்கொள்ளலாம். நேரம் ஆனாலும் முகம், மார்பு, கையைத் தாங்களே தேய்த்துக்கொள்ளட்டும். அந்த உரிமையைப் பறித்துவிடாதீர்கள்.

6. குளிக்க மறுப்பதற்குப் பாதி காரணம் கூச்சமும் குளிரும்தான். பழைய பருத்தி வேட்டியைத் தோளோடு போர்த்திவிட்டு அதன் மேலேயே வெந்நீர் ஊற்றுங்கள், உள்ளே கைவிட்டுத் தேயுங்கள்.

7. பக்கவாதம் வந்தவருக்குச் சட்டை கழற்றும்போது நல்ல கை முதலில், போடும்போது முடியாத கை முதலில். முடியாத கையைப் பிடித்து இழுத்தோ, அக்குளில் கைகொடுத்தோ தூக்கவே கூடாது, தோள்மூட்டு நழுவிவிடும். இடுப்பில் அகலமான பெல்ட் கட்டி அதைப் பிடித்து எழுப்புங்கள்.

8. எண்ணெய் தலையோடு நிற்கட்டும், பாதத்தில் வேண்டாம், வழுக்கும்.

9. தினமும் முழுக்குளியல் கட்டாயமில்லை. முடியாத நாளில் வெந்நீரில் துணி நனைத்து முகம், அக்குள், தொடையிடுக்கு துடைத்தால் போதும், இருவருக்கும் அலுப்பு மிச்சம்.

10. துவட்டும்போது தேய்க்காமல் ஒற்றி எடுங்கள், கால்விரல் இடுக்கை மறக்காதீர்கள். அப்படியே இடுப்புக்குக் கீழும் குதிகாலிலும் ஒரு பார்வை: அழுத்தினாலும் மறையாத சிவப்போ கருப்போ தெரிந்தால் படுக்கைப்புண் தொடங்குகிறது, அன்றைக்கே மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள்.