ஆய்தல்

'ஆய்தல்' என்னும் சொல்லுக்கு நுணுக்கம் என்பது தொல்காப்பிய உரியியல் தரும் பொருள். தெரிந்தெடுத்தல், நாடி அறிதல் என்பனவும் அதன் பொருள்களே. இராஜபாளையத்தில் நம் இல்லங்களில் கீரையை ஆய்கிறோம். ஸ்ரீவில்லிபுத்தூரில் உள்ள மாவட்ட நீதிமன்றத்தில் சான்றுகளை ஆராய்கின்றனர். கொள்வதும் தள்ளுவதும் இரண்டிலும் உண்டு. ஆயாமல் கீரையை அரிந்தால் இலையடியில் ஒட்டிய புழு மடியும். ஆராயாமல் வழக்கைத் தீர்த்தால் குற்றமற்றவர் வருந்துவர். ஆகவே, ஆராயாமையும் இம்சைக்கு வழியாகும்.

முனிவர்க்குரிய 5 சமிதிகளுள் 3ஆவது ஏஷணா சமிதி. குற்றமற்ற உணவை ஆராய்ந்து ஏற்பது அது. அவ்வுணவை அளிக்கும் இல்லறத்தார்க்கும் ஆராயும் கடமை உண்டன்றோ? பகலொளியில் இலை இலையாக ஆய்வோம். கண்ட சிற்றுயிரை ஊறின்றி அகற்றிய பின்னரே அடுப்பேற்றுவோம். நம் அகிம்சை அங்கிருந்தே தொடங்குகிறது.