கம்பிகளுக்குப் பின்னே ஒரு கல்லூரி

சிறைச்சாலை என்றவுடன் நம் கண்முன் வருபவை உயர்ந்த மதில், இரும்புக் கதவு, காவற்கோபுரம். கல்லூரி என்றவுடன் வருபவை நூலகம், மரநிழல், பட்டமளிப்பு விழா. இவ்விரண்டும் ஒரே இடத்தில் அமையக் கூடுமா? அமைந்திருக்கிறது. அமெரிக்க நாட்டில் நியூயார்க் மாநகருக்கு வடக்கே பெட்ஃபோர்டு ஹில்ஸ் என்னும் ஊரில் பெண்களுக்கான சிறை ஒன்று உண்டு. 1901-ஆம் ஆண்டில் தொடங்கப்பெற்றது. பெருங்குற்றங்களுக்காக நீண்டகாலத் தண்டனை பெற்றவர்களையும் வைத்திருக்கும், பாதுகாப்பு மிகுந்த சிறை. அங்குள்ள பெண்கள் கல்லூரிப் படிப்பைப் பெற்றதையும், இழந்ததையும், மீண்டும் பெற்றதையும் இக்கட்டுரையில் காண்போம்.

முதலில் பணத்தைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். அமெரிக்காவில் கல்லூரிக் கட்டணம் மிக அதிகம். ஏழை வீட்டுப் பிள்ளைகள் படிப்பதற்காக மத்திய அரசு 1972-இல் ஓர் உதவித்தொகையை ஏற்படுத்தியது. இதற்காகப் பாடுபட்ட கிளெய்போர்ன் பெல் என்னும் செனட்டரின் பெயரால் அது பிற்காலத்தில் ‘பெல் உதவித்தொகை’ எனப்பட்டது. இது கடன் அன்று. திருப்பிச் செலுத்த வேண்டியதில்லை. வருமானம் குறைந்தவர் எவரும் விண்ணப்பிக்கலாம் என்றிருந்ததால் சிறையில் இருப்போரும் விண்ணப்பித்தனர். அந்தத் தொகையைக் கொண்டு கல்லூரிகள் தம் ஆசிரியர்களைச் சிறைக்குள் அனுப்பி வகுப்பு நடத்தின. பெட்ஃபோர்டு ஹில்ஸில் இப்பணியைச் செய்தது மெர்சி கல்லூரி. ‘இரக்கத்தின் சகோதரிகள்’ என்னும் துறவற சபையார் 1950-இல் நிறுவிய கல்லூரி அது. பள்ளிப் படிப்பையே முடிக்காமல் சிறைக்கு வந்த பெண்கள் பலர், முதலில் பள்ளியிறுதிக்கு நிகரான தேர்வை எழுதித் தேறி, பின்னர் கல்லூரி வகுப்பில் அமர்ந்தனர்.

1994-இல் எல்லாம் தலைகீழாயிற்று. நாட்டில் குற்றங்கள் பெருகிவிட்டன என்ற அச்சம் மக்களிடையே பரவியிருந்த காலம் அது. அவ்வாண்டு செப்டம்பரில் அதிபர் பில் கிளிண்டன் கையெழுத்திட்ட பெரிய குற்றத்தடுப்புச் சட்டம், சிறையில் இருப்போருக்குப் பெல் உதவித்தொகை கிடையாது என்று கூறிவிட்டது. அடுத்த ஆண்டு நியூயார்க் மாநில அரசும் தன் பங்குக்குக் கொடுத்துவந்த உதவியை நிறுத்தியது. நாடெங்கும் நூற்றுக்கணக்கில் இருந்த சிறைக் கல்லூரிகள் சில ஆண்டுகளில் விரல்விட்டு எண்ணக் கூடிய அளவுக்குக் குறைந்தன. பெட்ஃபோர்டு ஹில்ஸ் வகுப்பறையும் மூடப்பட்டது. இரண்டாண்டு, மூன்றாண்டு படித்து, பட்டத்துக்கு இன்னும் சில பாடங்களே பாக்கி என்ற நிலையில் இருந்தவர்களும் பாதி வழியில் நிறுத்தப்பட்டனர்.

ஏன் இப்படிச் செய்தார்கள்? “ஒரு குற்றமும் செய்யாத உழைப்பாளி தன் பிள்ளையின் படிப்புக்காகக் கடன் வாங்கி அலைகிறான், குற்றம் புரிந்தவனுக்கு அரசு இலவசமாகப் படிப்புக் கொடுப்பதா?” என்பதே அப்போது எழுந்த கேள்வி. இதைக் கேட்டவர்களெல்லாம் கல்நெஞ்சர் என்று நாம் தள்ளிவிடலாகாது. கல்லூரிக் கட்டணத்துக்காக நகையை அடகு வைத்த பெற்றோர் நம்மிடையேயும் உண்டு. அவர்கள் வாயிலும் இக்கேள்வி வரக்கூடும். குற்றத்தால் தம் உறவை இழந்த குடும்பத்தார் கேட்டால் அதன் கனம் இன்னும் கூடும்.

ஆயினும் கணக்கைப் பார்க்க வேண்டும் அன்றோ? நாடு முழுவதும் பெல் உதவிக்குச் செலவான தொகையில் சிறையாளருக்குச் சென்றது நூற்றில் ஒரு பங்குக்கும் குறைவு. அத்துடன், தகுதியுள்ள ஒவ்வொருவருக்கும் கிடைக்கும் உதவி இது. ஒருவருக்குக் கொடுத்துவிட்டதால் மற்றொருவருக்கு இல்லை என்று சொல்லும் பந்தி அன்று. சிறையாளரை நீக்கியதால் வெளியிலுள்ள எந்த ஏழை மாணவிக்கும் புதிதாக ஓர் இடம் திறக்கவில்லை. கோபம் நியாயமானதாக இருக்கலாம். அது போய்ச் சேர்ந்த இடம்தான் பொருந்தவில்லை என்பது எங்கள் கருத்து.

இனி நிகழ்ந்ததுதான் இவ்வரலாற்றில் நம் நெஞ்சைத் தொடும் பகுதி. வகுப்பை இழந்த பெண்கள் சும்மா இருந்துவிடவில்லை. தங்களுக்குள் ஒரு குழு அமைத்து, சிறையின் கண்காணிப்பாளராக இருந்த எலைன் லார்டு அம்மையாரிடம் கல்லூரியை மீண்டும் கொண்டுவர வழி கேட்டனர். அவர் அதற்கு இடம் கொடுத்தார். ஊரிலுள்ள நல்லெண்ணம் கொண்டோரும் சேர்ந்தனர். மேரிமவுண்ட் மன்ஹாட்டன் கல்லூரியின் தலைவராக அப்போது இருந்த ரெஜினா பெருஜ்ஜி முன்வந்தார். இக்கல்லூரியும் 1936-இல் கன்னியர் சபை ஒன்றினால் பெண்களுக்கென்றே தொடங்கப்பட்டதுதான். அரசுப் பணம் இல்லாததால் பல கல்லூரிகள் சேர்ந்து சுமையைப் பகிர்ந்துகொண்டன, ஆசிரியர்கள் வந்தனர், தனியார் நன்கொடை அளித்தனர். 1997-இல் வகுப்புகள் மீண்டும் தொடங்கின. சமூகவியலில் பட்டம் பெற வழி பிறந்தது. மாணவிகளும் வெறுங்கையுடன் வரவில்லை. சிறையில் தாங்கள் உழைத்துப் பெறும் சொற்பக் கூலியில் ஒரு மாதத்துக்கு இணையான தொகையைக் கட்டணமாகச் செலுத்தினர். தொகை சிறிதுதான், ஆனால் ஒரு மாதக் கூலி என்பது ஒரு மாதக் கூலியே.

இப்படிப்பினால் பயன் என்ன என்பதை அறிய நியூயார்க் நகரப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மிச்செல் ஃபைன் தலைமையில் ஓர் ஆய்வு நடைபெற்று, 2001-இல் அறிக்கை வெளிவந்தது. சிறையில் இருந்த பெண்கள் சிலரே ஆய்வு முறைகளைக் கற்று, ஆய்வாளர்களாகப் பங்கேற்றனர் என்பது இதன் சிறப்பு. சிறையில் கல்லூரியில் பயின்ற 274 பெண்களையும், பயிலாத 2,031 பெண்களையும் விடுதலைக்குப் பின் ஒப்பிட்டுப் பார்த்தனர். மூன்றாண்டுகளுக்குள் மீண்டும் சிறைக்கு வந்தவர்கள், பயிலாதவரிடையே 29.9 சதவீதம்; பயின்றவரிடையே 7.7 சதவீதம்.

இங்கே கணிதப் பாடத்தில் கூர்மையான தோழியர் ஒரு தடை எழுப்பலாம். படிக்க விரும்பியவள் ஏற்கெனவே திருந்த முடிவு செய்தவளாக இருக்கலாமே, படிப்பினால்தான் திருந்தினாள் என்று எப்படிச் சொல்வது? நல்ல தடை. வித்தியாசம் முழுவதையும் கல்லூரியின் கணக்கில் எழுதுவது சரியாகாது. ஆயினும் திருந்த விரும்புகிறவளுக்கு அந்த விருப்பத்தைக் கொண்டு செல்ல ஓர் இடம் வேண்டும் அல்லவா? 2013-இல் ராண்ட் ஆய்வு நிறுவனம் பல்லாண்டு ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்து, எல்லா வகைச் சிறைக் கல்வியையும் சேர்த்துக் கணக்கிட்டு, அதற்குச் செலவிடும் ஒவ்வொரு டாலரும் மீண்டும் சிறையில் வைத்துக் காக்கும் செலவில் நான்கைந்து டாலரை மிச்சப்படுத்துகிறது என்று கூறியது. இரக்கத்தை ஏற்காதவர்களும் இந்தச் சிக்கனத்தை ஏற்பார்கள்!

ஆனால் எண்களில் அடங்காத ஒன்றும் உண்டு. சிறையிலுள்ள பெண்களில் பெரும்பாலோர் தாய்மார்கள். பெட்ஃபோர்டு ஹில்ஸில் சிறை தொடங்கிய காலம் முதலே, அங்கிருக்கையில் பிறக்கும் குழந்தைகளைத் தாயுடன் வைத்துக்கொள்ளும் பிரிவு இருக்கிறது. வளர்ந்த பிள்ளைகள் தாயைக் காண வரும்போது விளையாடவும் பேசவும் ஏற்ற இடத்தைப் புனித சூசையப்பர் சபையைச் சேர்ந்த அருட்சகோதரி எலைன் ரூலே அங்கு உருவாக்கினார். கல்லூரி வந்தபின் அச்சந்திப்புகளில் பேச ஒரு புதுப் பொருள் கிடைத்தது. “உனக்குத் தேர்வில் எத்தனை மதிப்பெண்?” என்று பிள்ளையிடம் தாய் கேட்பது போய், தாயிடம் பிள்ளை கேட்கவும் முடிந்தது. தாய் படிப்பது கண்டு தாமும் படிக்க முனைந்த பிள்ளைகளைப் பற்றி அவ்வாய்வு அறிக்கையும் பேசுகிறது.

அரசும் சிறிது சிறிதாக மனம் மாறியது. 2015-இல் அதிபர் ஒபாமாவின் அரசு சோதனை முயற்சியாகப் பெல் உதவியைச் சில சிறைகளுக்கு அளிப்பதாக அறிவித்தது. மறு ஆண்டில் 67 கல்லூரிகள் தேர்ந்தெடுக்கப்பட்டன. 2020 டிசம்பரில் நிறைவேறிய சட்டம் 1994-ஆம் ஆண்டுத் தடையை அடியோடு நீக்கியது. 2023 ஜூலை முதல் நாள் அது நடைமுறைக்கு வந்தது. நியூயார்க் மாநிலமும் தன் தடையை 2022-இல் நீக்கிக்கொண்டது. இடைப்பட்ட காலம் ஏறத்தாழ முப்பது ஆண்டுகள்! 1994-இல் புத்தகத்தை மூடிய ஒருத்தி இன்று பாட்டியாகியிருப்பாள்.

தடை நீங்கியதால் கல்லூரி தானாக வந்துவிடாது. சிறை நிர்வாகம் அனுமதிக்க வேண்டும். வகுப்பறை ஒதுக்க வேண்டும். ஆசிரியர் மதிலைக் கடந்து வர வேண்டும். இலாபத்துக்காக நடத்தப்படும் கல்லூரிகளுக்கு இதில் இடமில்லை என்று புதிய விதி கூறுகிறது. பணத்தைப் பெற்றுக்கொண்டு பெயருக்குப் பாடம் நடத்துவோரைத் தடுப்பது இதன் நோக்கம். படித்த பாடங்களை மாநிலத்திலுள்ள வேறொரு கல்லூரியேனும் ஏற்றுக்கொள்ள வேண்டும் என்பதும் விதி. இது மிகத் தேவையானது. ஏனெனில் சிறையில் மாணவி தன் விருப்பப்படி இருக்க இயலாது. பருவத் தேர்வுக்கு முன்பே வேறு சிறைக்கு மாற்றப்படலாம். பட்டம் முடியுமுன் விடுதலையும் ஆகலாம். விடுதலையானவள் மீதிப் பாடங்களை வெளியிலுள்ள கல்லூரியில் படித்து முடிக்க வேண்டும். அப்போது அவளுக்கு வேலையும் தேட வேண்டும், தங்க வீடும் வேண்டும், பிள்ளைகளையும் பார்க்க வேண்டும். மாலை வகுப்புக்குப் போக நேரமும் கண்டுபிடிக்க வேண்டும்.